நான்காவது குளிர்காலத்துப் பட்டி

நவம்பர் இருபத்திரண்டு. தொக்மார் மேய்ச்சல் வெளிக்குச் சாலை போட்டவர்கள், அந்த வெளியில் பிறந்து வளர்ந்தவர்களை அந்தச் சாலையில் விடுவதில்லை. குறை இவ்வளவுதான், இதைச் சொல்ல ஒரே வாக்கியம் போதும் என்று குன்செஸ் மனத்துக்குள் மறுபடியும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்... சோதனைச் சாவடி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனாலும் அங்கே நிற்பவனிடம் சொல்ல வேண்டியது இப்போதே நாக்கில் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் கோபம் வந்தால் அவளுக்கு இந்தி குழறிவிடும், போன வருடம் அப்படித்தான், ‘திரும்பிப் போ’ என்றதும் வாயில் வந்ததெல்லாம் லடாக்கி வசவு, பக்கத்தில் நின்ற ஊர்த்தலைவர் தர்கியாஸ் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கலாமா? சிரித்ததோடு நின்றாரா? சூரிய விளக்கு பதினாறு, தண்ணீர்த் தொட்டி ஒன்று, அவற்றுக்கு ஈடாக மந்தைகள் இந்தக் குளிர்காலமும் தொக்மாருக்கு இறங்காமல் மேலேயே இருக்கும் என்று கையெழுத்தும் போட்டாரே! மேலே என்றால் எப்படிப்பட்ட மேலே என்று அந்தக் காகிதத்தில் யாராவது எழுதினார்களா? ஈன்ற குட்டி ஈரம் காய்வதற்குள் நின்றபடியே விறைத்துப் போகிற மேலே. பிப்ரவரியில் ஒரு குட்டியை மேலங்கிக்குள் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள், துடிப்பு அடங்கியது குட்டியுடையதா தன்னுடையதா என்று சிறிது நேரம் தெரியவேயில்லை... இந்த வருடமும் அதே நடந்தால் மந்தை இராது, மந்தை இல்லாத குன்செஸுக்கு லே நகரத்து ஓட்டல்களில் பாத்திரம் கழுவும் வேலை கிடைக்கும், கிடைக்கட்டும், வேறு யாருக்காவது கிடைக்கட்டும்.

சாலை வேண்டாம் என்று அவள் எப்போது சொன்னாள்? அளவெடுக்க வந்தவர்களுக்கு உப்புத் தேநீர் ஊற்றியவள் அவள்தானே. அவள் கணவன் குடல் முறுக்கிக் கிடந்தபோது யாக்கின் முதுகில் கட்டி ஐந்து நாள் நடந்தார்கள், நான்காம் நாளே அவன் பேச்சு நின்றுவிட்டது, இந்தச் சாலை அன்றைக்கு இருந்திருந்தால் அரை நாள், வெறும் அரை நாள்... ஆகவே சாலையின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஆடுகளுக்கும் இல்லை. வெயில் ஏறிய தார் கதகதப்பாக இருப்பதைக் கண்டுகொண்டு நடுச்சாலையிலேயே படுக்கப் பார்க்கின்றன, இருநூற்று எண்பது ஆடுகளையும் விரட்டி விரட்டித்தான் நடத்த வேண்டியிருக்கிறது. சாலைக்குத் தெரியுமா யாரை விட வேண்டும், யாரை விடக் கூடாது என்று? அது மனிதருக்கு மட்டுமே தெரிந்த வித்தை. இதோ, சாவடிக் கம்பு தெரிகிறது, சிவப்பும் வெள்ளையுமாக.

கம்பருகே நின்ற ஹவில்தார் முருப், லடாக்கின் நூப்ராப் பக்கத்துக்காரன், ஆகவே சொந்த மொழியிலேயே தொடங்கினான். “ஆச்சே, மறுபடியும் வந்துட்டீங்களா? போன வருஷம் திட்டினதே இன்னும் காதுல கிடக்கு.” ஆச்சே, அக்கா என்று கூப்பிட்டே அடைக்கிறார்கள் வழியை! “மிச்சம் வச்சிருந்தேன், குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். கம்பைத் தூக்கு, முருப்.” “என் கையில இல்ல, ஆச்சே, சாஹிப் கையில இருக்கு.” சாஹிப் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார், மீசை சரியாக அரும்பாத முகம், சமவெளிக்காரர், குளிரில் உதடு வெடித்திருந்தது, வெண்ணெய் தடவச் சொல்ல வேண்டும் என்று தோன்றிய கணமே குன்செஸ் தன் மீது எரிச்சல் கொண்டாள். “அம்மா, அந்தப் பக்கத்து ஆளுங்க ஆத்துக்கு அக்கரையில உக்காந்திருக்காங்க. போன வருஷம் ரெண்டு மேய்ப்பருங்களைக் கல்லால அடிச்சாங்க, தெரியும்ல? உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன். தீவனம் மூட்டை மூட்டையா அனுப்பறோம். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்.” அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது. “நாங்க அங்க இல்லாமப் போனதுக்கு யாரு சாஹிப் பதில் சொல்றது?” என்றாள். இந்தி குழறவில்லை. அவர் கம்பின் மேல் கை வைத்தார். “உத்தரவு அப்படி, அம்மா.”

சரி, உத்தரவு அப்படியென்றால் கறவையும் இப்படி என்று அவள் யாக் மயிர்க் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினாள். அதை யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது, முதல் ஆட்டின் கழுத்து, எதிரே இரண்டாவது, முகத்துக்கு முகம், கழுத்தோடு கழுத்து, ஒரு சுற்று, அடுத்த சுற்று... கறக்கும்போது கட்டுகிற கட்டு, ஐம்பது ஆட்டை ஒரே வரிசையில் நிறுத்தும், நுனியைச் சுண்டினால் அத்தனையும் அவிழும், ஆனால் எந்த நுனி என்று கட்டியவளுக்குத்தான் தெரியும். சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நான்கு வரிசை கட்டினாள், மீதி ஆடுகள் கதகதப்பான தாரில் தாமாகவே படுத்துக்கொண்டன. முருப் சிரிப்பை அடக்கப் பார்த்தான். “பால் வத்திப் போன மாசத்துல என்ன கறவை, ஆச்சே?” “பச்சையே இல்லாத மண்ணுல நீங்க ரோடு போடலாம், நான் காஞ்ச மடியில கறக்கக் கூடாதா?” வந்து நின்ற முதல் லாரி ஒலிப்பானை அலற விட்டது, ஓர் ஆடு அசை போடுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கியது. இரண்டாவது லாரி, மூன்றாவது, ஒன்பதாவது... சாஹிப் கம்பியில்லாப் பேசியில் யாரிடமோ குரல் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். அவளைத் தூக்கி ஓரத்தில் போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஏன் போடவில்லை? நல்லவரா, அல்லது முடிச்சு தெரியாதவரா?

இன்று போயே ஆக வேண்டும். நாளை, அடுத்த வாரம் என்பதெல்லாம் நடக்காது, தொக்மாரில் இருக்கும் அவளுடைய குளிர்காலப் பட்டியில் அவள் நெருப்பு மூட்டி மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது, இப்போது நான்காவது தொடங்கிவிட்டது. மூன்று குளிர்காலம் புகை எழாத பட்டி, நான்காவதில் முதல் புகை எழுப்புகிறவருக்கு. இது அவர்கள் வெளியின் சட்டம், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மேய்ப்பர்களுக்கும் இதே சட்டம்தான், எல்லைக் கோடு கிழிப்பதற்கு முன்பு பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்தானே. அவர்கள் இன்று இறங்கி வந்து நெருப்பு மூட்டினால் அவர்கள் செய்வது நியாயம், அந்த நியாயத்தை மறுக்க அவளுக்கு வாய் கிடையாது... ஏன் கிடையாது? அந்தப் பட்டியே அவளுக்கு அப்படித்தான் வந்தது. லுண்டுப்பின் பட்டி அது. அவன் பிள்ளைகளின் படிப்புக்காக லே நகரத்துக்குப் போனான், டாக்சி ஓட்டினான், மூன்று குளிர்காலம் வரவில்லை, நான்காவதில் குன்செஸ் அங்கே நெருப்பு மூட்டினாள், ஐந்தாவதில் அவன் பதினோரு ஆடுகளோடு வந்து நின்றான். ‘பட்டி வாய மூடி மூணு வருஷம் ஆச்சு லுண்டுப், இனிமே உன் குரலுக்குத் தொறக்காது’ என்றாள், ஊரே மெச்சியது, அவன் ஆடுகளைத் திருப்பினான். அந்த முதுகை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? சட்டம் சட்டம்தானே. சட்டம்தானே?

“சாயங்காலம் வரைக்கும்,” என்றார் சாஹிப், அவள் முகத்தைப் பார்க்காமல். “கூடாரம் கூடாது. நெருப்பு கூடாது. முருப் கூட வருவான். இப்ப இதையெல்லாம் அவுத்து விடுங்க.” நெருப்புக் கூடாதாம்! அவள் நுனியைச் சுண்டினாள், நான்கு வரிசையும் ஒரே மூச்சில் கலைந்தன, லாரிக்காரர்கள் கை தட்டினார்கள், கேலிக்கா, பாராட்டுக்கா, இரண்டுக்குமா... இரண்டு மணி நேரம் நடந்தார்கள், முருப் வழியெல்லாம் ஊமையாக வந்தான், வாயாடி அவன், ஏன் பேசவில்லை என்று அவள் அப்போதே கேட்டிருக்க வேண்டும். மேட்டில் ஏறியதும் நின்றுவிட்டாள். பட்டியிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது.

அக்கரையார் இல்லை. தகரக் குழாய் வைத்த புகை, பட்டிச் சுவரின் மேல் புதிதாக இரண்டு வரிசைக் கல், அதன் மேல் வலை, வலைக்கு மேலே அவளுடைய நாட்டின் கொடி. ஒரு சிப்பாய் கையசைத்தான். “வாங்கம்மா, டீ சூடா இருக்கு!” முருப் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், “சொல்லக் கூடாதுன்னு உத்தரவு, ஆச்சே. நீங்க வராத மொத வருஷம் பனி விழறப்பவே வந்துட்டாங்க. இது நாலாவது.” மூன்று நாள் நடையில் வாயிலேயே வைத்திருந்த வாக்கியம் எங்கே போயிற்று? அவள் வெளியின் சட்டப்படியே பட்டி இந்தச் சிப்பாய்களுடையது, அவள் புகை எழாத மூன்று குளிர்காலமும் அவர்கள் புகை விட்டுப்போகவில்லை. அந்தச் சட்டம் செல்லாது என்று அவள் கத்தலாம், இந்தி குழறாமலே கத்தலாம், ஆனால் சட்டம் செல்லாதென்றால் பட்டி லுண்டுப்புடையது... எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுடையது இல்லை. இது அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்? ஆனாலும் ஆடுகள் ஏற்கெனவே சுவரோரத்து உலர்ந்த புல்லில் வாய் வைத்துவிட்டன, சினையாடுகள் காற்று மறைவில் முழங்கால் மடித்துவிட்டன, அவற்றை எழுப்புகிற சட்டம் எதுவும் அவளிடம் இல்லை. சுவருக்கு வெளியே மூன்று கற்களைக் கூட்டி, உலர்ந்த சாணத்தை அடுக்கி, தீக்குச்சியைக் கிழித்தாள். “ஆச்சே, நெருப்பு கூடாதுன்னு...” என்றான் முருப். “போய்ச் சொல்லு,” என்றாள் அவள், திரும்பாமலே.

படித்துவிட்டீர்கள். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அவள் எழுந்திருக்கப் போவதில்லை. அந்தப் பட்டி யாருடையது? தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள், முழு வாக்கியத்தில் சொல்லுங்கள், பாதுகாப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் சொல்லுங்கள்.