வெந்நீருக்கு பில் இல்லை

"புருஷன் போனாப் போகட்டும் மேடம், என் கட்டிங் டேபிள் போகக் கூடாது." தையல்காரி முதல் நாளே வக்கீலம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

புருஷன் மிக்ஸி ரிப்பேர்காரர். அந்த டேபிள்மேல்தான் மிக்ஸிகளைப் பிரித்துப் போடுவார். ஒரு மாப்பிள்ளைக் கோட்டின்மேல் கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்த அன்றோடு இருபத்திரண்டு வருஷக் குடித்தனம் கசந்துபோயிற்று.

"வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. யாரும் யாரையும் வெளியே தள்ள முடியாது," என்றார் வக்கீலம்மா. "பேசி முடிச்சு, டேபிள் உங்களுக்குன்னு எழுதிக்கிட்டா செலவு கம்மி. சண்டைன்னு இறங்கினா, டேபிளை வித்தாலும் என் ஃபீஸுக்குக் காணாது. ஆனா விவாகரத்துக்கு முதல்ல ஒரு வருஷம் பிரிஞ்சிருக்கணும்."

"தனி வீட்டுக்கு எங்க போறது?"

"ஒரே வீட்டுல இருக்கலாம். அவர் துணியை நீங்க தொடக் கூடாது. உங்க வேலையை அவர் செய்யக் கூடாது."

"தைக்கிறவளைப் பாத்து துணியைத் தொடாதேன்னா? ஊருக்கே கூலிக்குத் தைக்கிறேன்!"

"கூலி வாங்கினா அது தொழில்," என்று வாய்தவறிச் சொன்னார் வக்கீலம்மா.

அவ்வளவுதான். வீட்டில் இரண்டு பில் புத்தகங்கள் முளைத்தன. சட்டைப் பொத்தானுக்கு அவள் பில். மிஷின் பெல்ட்டுக்கு அவர் பில். பெயர் எழுதுகிற இடத்தில் இருவரும் 'மேற்படி பார்ட்டி' என்றே எழுதினார்கள். அது பேச்சிலும் தொற்றிக்கொண்டது.

"பார்ட்டி! பாத்ரூம்ல இன்னும் எவ்வளவு நேரம்?"

வருஷம் முடிந்த மறுநாள் வக்கீலம்மா ஆபீஸுக்கு ஒரே பஸ்ஸில், தனித்தனி டிக்கெட்டில் வந்து இறங்கினார்கள். புருஷன் பெண்டாட்டியாக ஒன்றும் செய்துகொள்ளவில்லை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் சட்டென்று போட்டாள். அவர் பேனாவால் காதைச் சொறிந்தார்.

"போன மாசம் பார்ட்டிக்குக் காய்ச்சல். மூணு நாள் வெந்நீர் வெச்சுக் குடுத்தேன். நெத்தியில ஈரத்துணி போட்டேன்."

"பில்?" என்றார் வக்கீலம்மா.

"போடலை."

தையல்காரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். டேபிள் கைக்கு எட்டி நழுவுகிறது! "இப்பவே போட்டுத் தொலைங்களேன். காசு தர்றேன்!"

"மாட்டேன்."

"ஏனாம்?"

"நான் மிக்ஸி ரிப்பேர்காரன். வெந்நீர் வைக்கிறது என் தொழில் இல்லை."

வக்கீலம்மா பேனாவை மூடினார். "அப்ப அந்த மூணாம் நாள்லேர்ந்து புதுசா ஒரு வருஷம்."

"டேபிள்?" என்றாள் அவள், குரல் இறங்கி.

"அதை நான் தொட்டே ஒரு வருஷமாச்சு," என்றார் அவர். "சமையக்கட்டுத் தரையில உக்காந்துதானே வேலை பாக்கறேன். முதுகு ஒடியுது."

அவள் விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம் இரண்டு விரலைக் காட்டினாள். புருஷன் தன் டிக்கெட்டுக்குச் சில்லறையைத் துழாவினார்.

"உள்ள வைங்க. உக்கார ஒரு ஸ்டூலும் வாங்கித் தர்றேன். ஆனா அந்தக் கிரீஸ் டப்பா மட்டும் டேபிள்மேல ஏறுச்சு… அடுத்த வருஷம் இதே பஸ்தான், பார்ட்டி!"