வண்டியைக் கெடுக்கப் போன அத்தான்

பம்புக்காரரின் பழைய காருக்கும் சிவப்பு விளக்குக்கும் பிறவிப் பகை. ஓடும்வரை ராணி மாதிரி ஓடும். சிக்னலில் நின்றால் போதும், நடுங்கும், இருமும், பொசுக்கென்று அணைந்துவிடும். ஸ்டியரிங் பிடிக்க அனுபவம் வேண்டும் என்று சொல்லி அவர் உள்ளேயே உட்கார்ந்துகொள்ள, மனைவி இறங்கித் தள்ளுவாள். பின்னால் எழும் ஹாரன் சத்தத்தில் ஊர்க் காக்கைகள் பாதி குடிபெயர்ந்துவிட்டன.

போன வாரம் தள்ளியதில் அவள் செருப்பு அறுந்தது. அன்றோடு பொறுமையும்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை தம்பி வரான். அவனுக்குப் பிடிச்சா வண்டி அவனுக்கு. நீங்க மூச்சு விடக்கூடாது."

தம்பி பல் டாக்டர். காரைக் கிளினிக் வாசலில் நிறுத்தி, கூரைமேல் நெல் குதிர் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கடைவாய்ப்பல்லை வைக்கப்போவதாக அவன் போனில் சொன்னதிலிருந்து பம்புக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் வைத்தியம் பார்க்காமல் விட்டாரா? ஓய்வு பெறும்வரை பம்பு நிலையத்தில் குழாய்களைக் கட்டி மேய்த்தவர். ஓட்டை எங்கே என்று தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவுவார். நுரை பொங்கும் இடத்தில் ஓட்டை. காருக்கும் அதையே செய்தார். வீட்டுச் சோப்பு தீர்ந்தது, பக்கத்து வீட்டுச் சோப்பும் தீர்ந்தது. என்ஜின் கல்யாணப்பெண் மாதிரி பளபளத்தது. ஒரு குமிழிகூட வரவில்லை. என்ஜினுக்குள் எங்கிருந்தோ வந்த 'உஸ்' என்ற சத்தம் மட்டும் அவரைக் கேலி செய்துகொண்டே இருந்தது.

ஞாயிறு காலை, மனைவி குளிக்கப் போன நேரம், அவர் பானெட்டைத் திறந்தார். இதுவரை சரிசெய்யப் பார்த்தாயிற்று. இருமுகிற வண்டி என்று தெரிந்தே கேட்கிறான்; இன்று அடியோடு கெடுக்க வேண்டும். மைத்துனன் சாவியைத் திருப்பியதும் வண்டி விக்கிச் செத்தால்தான் பல்லிடமிருந்து தப்பும். என்ஜின் வயிற்றில் சேரும் புகையை மறுபடி உள்ளுக்கே உறிஞ்சி எரிப்பதற்கென்று ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதன் நுனியில் கட்டைவிரல் அளவில் ஒரு வால்வு. 'இதுதான் மூச்சுக்குழல்' என்று முடிவு கட்டி, இருமல் மருந்து புட்டியின் ரப்பர் மூடியைக் குழாய்க்குள் திணித்து, வால்வைப் பழையபடி மாட்டினார். "மன்னிச்சுக்கோ ராணி. நல்லதுக்குத்தான்."

பல் டாக்டர் வந்தான். உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான்.

வண்டி செத்ததா? பால் குடித்த பூனை மாதிரி குறுகுறுவென்று நின்றது. நடுக்கம் இல்லை, இருமல் இல்லை. அந்தப் பாழாய்ப்போன 'உஸ்' கூட இல்லை. பானெட் மேல் வைத்த தேநீர்க் கோப்பையில் அலைகூட அடிக்கவில்லை.

"அத்தான்! உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்!" என்றவன் கீழே இறங்கி, டேப்பை எடுத்துக் கூரையை அளக்க ஆரம்பித்தான். "அக்கா, பல்லை நிமிர்த்தி வைக்கவா, படுக்க வைக்கவா?"

மனைவி வாயைப் பிளந்து நின்றாள். "ஏங்க, நேத்துவரைக்கும் செத்துக்கிட்டிருந்ததே. என்ன பண்ணீங்க?"

பொய் சொன்னால் பேர் கிடைக்கும், வண்டி போய்விடும். உண்மை சொன்னால் மானம் போய்விடும். டேப் பின் கண்ணாடிவரை வந்துவிட்டது.

"கெடுத்தேன்," என்றார் பம்புக்காரர்.

"என்னது?"

"உன் தம்பிக்குப் பிடிக்கக்கூடாதுன்னு கெடுத்து வச்சேன். அந்தக் குழாய்ல மூடியைத் திணிச்சேன். அது என்னடான்னா..."

பல் டாக்டர் பானெட்டைத் திறந்து, அவர் காட்டிய வால்வைக் கழற்றி, இடுக்கியை விட்டு மூடியைப் பிடுங்கிவிட்டு வால்வைத் திரும்ப மாட்டினான். உடனே 'உஸ்', உடனே நடுக்கம். குழாயை விரல்களால் இறுக்கிப் பிடித்தான், மறுபடி பூனை.

"அத்தான், இது உறிஞ்சுற குழாய். என் கிளினிக்ல எச்சில் இழுக்குற குழாய் மாதிரி. வண்டி சும்மா நிக்கிறப்ப இந்த வால்வு வாயை முக்கால்வாசி மூடிக்கணும். இது கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கு. வேண்டாத காத்தெல்லாம் உள்ள போகுது, அதான் அணைஞ்சு போகுது. நீங்க கழுத்தை நெரிச்சீங்க, அது பிழைச்சுக்கிச்சு."

"அப்ப சோப்பு நுரை?"

"உள்ள இழுக்குற ஓட்டைக்கு நுரை எப்படி அத்தான் வெளிய வரும்? இந்த மூடியை மட்டும் திரும்ப வச்சிடாதீங்க, புகைக்குப் போக்கிடம் இல்லாம எண்ணெயைத் துப்பும். புது வால்வு போட்டா முடிஞ்சது. வாங்கிட்டு வந்து நானே மாட்டி ஓட்டிட்டுப் போறேன்."

மனைவி அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெடித்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீ எங்கடா ஓட்டிட்டுப் போற? தள்ளுற வண்டியைத்தான் தரேன்னேன். ஓடுற வண்டியை எவளாவது தருவாளா?"

"அக்கா, பல் செய்யச் சொல்லியாச்சு!"

"உன் ஸ்கூட்டர் மேல வை."

அவள் உள்ளே போனாள். பம்புக்காரர் மூச்சுவிடுவதற்குள் பேசாத ரேடியோவையும் சுடாத இஸ்திரிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தாள்.

"இவ்வளவு நாளா இதையெல்லாம் ரிப்பேர் பண்ணிப் பண்ணித்தான் உருப்படலை. கொஞ்சம் கெடுத்துக் குடுங்க."