கேடட் டெலியா

ராண்டியோடு பட்டாளத்தில் இருந்த வால்ட் ஹ்ரூஸ்கா கொடியை முக்கோணமாக மடித்து முடித்து, இரண்டு கைகளிலும் ஏந்தியபடி சவப்பெட்டியிலிருந்து திரும்பினார். முன்வரிசை நாற்காலியில் இருந்த டார்லீன் கைகளை நீட்டினாள். பட்டாளத்தில் இருந்தவன் செத்தால் கொடி மனைவியின் மடிக்குத்தான் வரும். வால்ட் அவளைத் தாண்டி ஒரு எட்டு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் முன்னால் குனிந்தார்.

“உங்கப்பா ஃபோன்ல சொன்னாரும்மா, கொடி கேடட் கைக்குத்தான் போகணும்னு. சார்ஜெண்ட் உத்தரவு. நான் மீற முடியாது.”

டெலியா அம்மாவைப் பார்த்தாள். டார்லீன் நீட்டிய கைகள், கையுறையைச் சரிசெய்வதுபோல் மெல்ல மடிக்குத் திரும்பின.

“வாங்கிக்கோ,” என்றாள் டார்லீன் உதடு அசையாமல். “எல்லாரும் பாக்கறாங்க.”

வாங்கிக்கொண்டாள்.

எல்லாம் ஒரு தலையாட்டலில் வந்தது. போன வாரம், அப்பா ராண்டியின் நுரையீரலில் இனி ஒன்றுமில்லை, இன்று பொழுது தாண்டாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கூடத்தில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவர், “வெஸ்ட் பாயிண்ட் போறதானே?” என்று கேட்டார். மூச்சுக்குப் பாதி, கேள்விக்குப் பாதி. ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் அந்தக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. டெலியா தலையாட்டினாள். போகிற மனுஷனிடம் வேறென்ன செய்ய?

ராண்டி போகவில்லை. மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து முட்டையும் பன்றி இறைச்சியும் கேட்டார். பிறகு ஃபோனைக் கேட்டார். அந்த வாரம் முழுக்க முடிவெட்டுகிறவரிலிருந்து பாதிரியார் வரைக்கும் ஒருவரை விடவில்லை. “சார்ஜெண்ட் பெத்த ஆபீசர்டா! இனிமே என் வீட்லயே நான் சல்யூட் அடிக்கணும்!” வியாழக்கிழமை மத்தியானம், யாருடைய எண்ணையோ அழுத்திக்கொண்டிருக்கும்போது, ஃபோன் நெஞ்சின் மேல் சரிந்தது.

அடக்கம் முடிந்து சாப்பாடு முன்னாள் ராணுவத்தினர் மன்றத்து ஹாலில். பெக் அத்தை முட்டைக்கோஸ் நூடுல்ஸை ஒரு தட்டில் குவித்துக்கொண்டு வந்தாள். டெலியாவின் இரண்டு கையிலும் கொடி. சாப்பாட்டு மேஜையில் அதை வைக்கக்கூடாது, தரையில் வைக்கவே கூடாது.

“வாயைத் திற, ஊட்டி விடறேன். அங்கே போனா உனக்கு யாரு ஊட்டுவா?”

“பசிக்கல அத்தை.”

“உனக்குன்னே கட்டின இடம்டீ அது. ஓடற, கணக்குல புலி, எதுக்கும் அழமாட்ட. பிடிக்கலேன்னாலும் ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துடலாமாம், ஒரு கேள்வி கேக்க மாட்டாங்களாம். ராண்டி சொன்னான்.”

“அப்படி யாராவது இந்த ஊருக்குத் திரும்பி வந்திருக்காங்களா?”

“ஏன் வரணும்?” என்றாள் பெக்.

டெலியா குளிர்காலத்தில் அங்கே ஓர் இரவு தங்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மூத்த மாணவர்களின் கத்தல் அவளைப் பயமுறுத்தவில்லை. ஆற்றோரம் ஓடியது நன்றாகவே இருந்தது. கணக்கு வகுப்பு அதைவிட. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவிடம் சொல்ல ஒரு குறையைத் தேடினாள், கிடைக்கவில்லை. போக விருப்பமில்லை என்பது மட்டும் இருந்தது. அதை ஒரு காரணம் என்று அவர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஹால் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு பேக்கரிப் பெண் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தாள். கறுப்பு உடைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“ராண்டி கோஸ்டெல்னிக் பேர்ல கேக்... ஞாயித்துக்கிழமை ஹாலுக்குன்னு அவரே ஃபோன்ல சொன்னாரு. வேணாம்னு யாரும் சொல்லல...”

வால்ட் மூடியைத் தூக்கினார். வெஸ்ட் பாயிண்டின் நிறங்களில், கறுப்பும் தங்கமுமாக க்ரீம். நடுவில்: சபாஷ், கேடட் டெலியா.

வால்ட் வெடித்துச் சிரித்தார். “படுபாவி ராண்டி! தன் சாவுக்குத் தானே கேக் சொல்லி வெச்சிருக்கான் பாரு!” ஹாலே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் அழுதார்கள். யாரோ ஒரு நீளக் கத்தியைக் கழுவிக் கொண்டுவந்தார்கள்.

“வா, கேடட். நீதான் வெட்டணும்.”

“வால்ட் அங்கிள், காலேஜுக்கு நான் இன்னும் பதில் அனுப்பல.”

“என்னது?”

“போறேன்னு நான் சொல்லவே இல்ல. அப்பா கேட்டாரு, தலையாட்டினேன். அவ்வளவுதான்.”

சத்தமாகத்தான் சொன்னாள். கடைசி மேஜை வரைக்கும் கேட்டிருக்கும்.

பெக் ஓடி வந்து அவளைக் கொடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். “ஐயோ என் செல்லமே! செத்ததுலேர்ந்து ஒரு சொட்டு அழல இவ. அதான் இப்படியெல்லாம் பேச வருது.”

“பயம்மா, பயம்,” என்றார் வால்ட் கனிவாக. “நான் பட்டாளத்துக்கு பஸ் ஏறின அன்னிக்கு வாந்தியே எடுத்தேன். உங்கப்பாதான் தொப்பியை நீட்டினான். என் தொப்பியை!”

மறுபடியும் சிரிப்பு. கத்தியின் பிடி அவள் பக்கம் திரும்பியிருந்தது.

“அதை என்கிட்ட குடு,” என்றாள் டார்லீன். கொடியை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு, காகிதத் தட்டுகளை எடுத்துக் கொடுப்பவள்போல் மகளின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பதில் அனுப்ப நாளைக்குத்தானே கடைசி?”

“ஆமா.”

“அன்னிக்கு உன் முதுகுல தட்டினது நான்தான். ‘தலையை ஆட்டிடு, இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானே’ன்னு.”

“தெரியும்மா.”

“இவரு இப்படி ஊரையே கூப்பிடுவாருன்னு யாரு கண்டா.”

டெலியா முதல் துண்டை வெட்டினாள். வால்ட் தட்டை நீட்டி வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

“நான் போகலேன்னா, நீ இவங்க நடுவுலதானேம்மா இருக்கணும்?”

டார்லீன் அடுத்த தட்டைப் பிரிக்கப் பார்த்தாள். இரண்டு தட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கையுறையோடு பிரிக்க வரவில்லை. கையுறையைக் கழற்றாமலேயே வெகுநேரம் முயன்றுகொண்டிருந்தாள்.

“ஜனங்க நிக்கறாங்க,” என்றாள் கடைசியில்.

வரிசை கதவைத் தாண்டி, கார்கள் நிற்கிற இடம் வரைக்கும் போயிருந்தது. துண்டுகள் ஒரே அளவாக விழுந்தன. “கை நடுங்குதா பாரேன்,” என்று பெருமையாகச் சொன்னது யாரென்று தெரியவில்லை. டெலியா கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டு, அடுத்து நின்றவரைப் பார்த்துக் கேட்டாள்:

“ஓரத்துத் துண்டா, நடுத்துண்டா?”