இரண்டாவது தொலைநோக்கி

அலுவலகத்துக்கு இரண்டாவது தொலைநோக்கி வந்த அன்று பறவையம்மாவுக்கு இருந்த சந்தோஷம், பணி நிரந்தரமான அன்றுகூட இருந்ததில்லை. அதுவரை அந்த ஈரநிலப் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு தொலைநோக்கி. பார்க்க வேண்டிய ஏரிகளோ இரண்டு. வருடத்துக்கு ஒரு முறை, கணக்கெடுப்பு நாளில், காலை ஆறு மணிக்குப் பெரிய ஏரியில் எண்ணி முடிப்பாள். தொலைநோக்கியை மடக்கி, ஜீப்பின் பின்சீட்டில் கைக்குழந்தையைப் போலப் படுக்கவைத்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போய், எட்டு மணிக்குக் கோரை மண்டிய சின்ன ஏரியில் எண்ணுவாள். இரண்டையும் கூட்டிப் படிவத்தில் எழுதுவாள். ஆறு வருடமாக இதுதான் நடைமுறை.

எண்ணுவது அரிவாள் மூக்கனை. கருத்த உடம்பும் வளைந்த மூக்குமாக, சேற்றைக் கிண்டிப் புழு தின்னும் பறவை. அந்த இரண்டு ஏரிக்கும் பாதுகாப்பு கிடைத்ததே அவற்றால்தான். ஆறு வருடமும் எண்ணிக்கை இரண்டாயிரத்துக்குக் குறைந்ததே இல்லை. இவ்வளவு சீராகக் கணக்கெடுக்கும் அலுவலகம் வேறு கிடையாது என்று தலைமை அலுவலகம் அவளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரமே கொடுத்திருந்தது. அது சட்டம் போட்டு அவள் மேசைக்கு மேலே தொங்கியது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். மற்றபடி சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் பறவையம்மா.

இந்த வருடம் தொலைநோக்கி இரண்டு இருந்ததால் இரண்டு ஏரியிலும் ஒரே நேரத்தில் எண்ணலாம் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் பெரிய ஏரியில் நின்றாள். எண்ணப் பழகியிருந்த ஜீப் ஓட்டுநர் சின்ன ஏரியில் நின்றார். அவள் ஆயிரத்து அறுபது எண்ணினாள். அப்போது ஓட்டுநரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, இங்க முப்பத்தாறுதான் இருக்கு. மிச்சமெல்லாம் லீவு போட்டுருச்சா?"

மொத்தம் ஆயிரத்துத் தொண்ணூற்றாறு. போன வருடம் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. பாதிக்குப் பாதி காணோம்.

திங்கட்கிழமை அதிகாரி அவளைக் கூப்பிட்டார். வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. பேனாவைக்கூடத் துடைத்துவிட்டு மூடுகிற மனிதர். தலைமை அலுவலகம் உடனே காரணம் கேட்கும், அதற்கு முன்னால் கையில் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பது அவர் கவலை.

"சின்ன ஏரியிலதான் விழுந்திருக்கு. அங்க என்ன மாறியிருக்கு?"

"கோரை வெட்டு இந்த வருஷம் பத்து நாள் முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க சார்."

பொய் இல்லை. முன்னாடியே ஆரம்பித்தது உண்மைதான். ஆனால் ஏரியில் ஆயிரம் விஷயம் இருக்க, நாக்கு நுனிக்கு அது மட்டும் ஏன் முதலில் வந்தது? அதையும் சொல்லிவிட வேண்டும். கோரை வெட்டுவோர் சங்கத்துக்குத் தலைவி அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சொந்தக்காரர் வீட்டில், இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் சொன்னாள்: "என் தம்பி பொண்டாட்டிக்கு ரெண்டாயிரம் பறவையை எண்ணத் தெரியும். நாலு பேருக்கு எவ்வளவு அரிசி போடணும்னுதான் தெரியாது." எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் வீட்டுக்காரரும் ஒருவர். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது. மறு அறிவிப்பு வரும்வரை சின்ன ஏரியில் கோரை வெட்டக் கூடாது.

சங்கத்தில் நாற்பத்திரண்டு வீடு. ஏரியை அவர்களே நான்கு பங்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒரு பங்கை மட்டும் வெட்டுவார்கள். மற்ற மூன்றில் ஒரு கோரைத் தாள் எடுத்தாலும் சங்கத்தில் அபராதம். அலுவலகம் பிறப்பதற்கு முன்பே இருந்த கட்டுப்பாடு அது. கோரையைப் பூ விடுவதற்குள் வெட்டிவிட வேண்டும். பூத்துவிட்டால் தண்டு முற்றி முறியும், பாய்க்கு ஆகாது. இந்த வருடம் வெயில் முந்திக்கொண்டதால்தான் வெட்டும் முந்தியது. வெட்டி முடிக்க அதிகம் போனால் ஒரு வாரம் இருந்தது.

நாத்தனார் அன்றைக்கே அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நாங்க வெட்டினாத்தான் சார் தண்ணி திறக்கும். தண்ணி திறந்தாத்தான் உங்க மூக்கன் இறங்கும். வெட்டாம விட்டா ஏரியே கோரைக்காடா மூடிரும்."

"எண்ணிக்கை வேற மாதிரி சொல்லுதேம்மா."

நாத்தனார் திரும்பிப் பறவையம்மாவைப் பார்த்தாள். பறவையம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

வியாழக்கிழமை விடிவதற்குள் பறவையம்மா சின்ன ஏரிக்குப் போனாள். யாரும் அனுப்பவில்லை. ஆயிரம் பறவை எங்கே போயிருக்கும் என்ற கேள்வி தூங்கவிடவில்லை. கரையில் உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு அங்கே இருந்தவை நாற்பதுகூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கணக்கெடுப்பு நாளின் ஆறு மணிக்கு அவள் எப்போதும் பெரிய ஏரியில்தான் இருந்திருக்கிறாள். இந்த ஏரியை எட்டு மணிக்கு முன்னால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஆறே முக்காலுக்குப் பெரிய ஏரிப் பக்கத்திலிருந்து முதல் வரிசை வந்தது. இருபது, இருபத்தைந்து. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியாமல் வந்துகொண்டே இருந்தன. வந்தவை கோரைக்குள் இறங்கவில்லை. போன வருடமும் இந்த வருடமும் வெட்டித் திறந்திருந்த இடத்தில்தான் இறங்கின. ஏழரை மணிக்கு அங்கே ஆயிரத்துக்கு மேல் மூக்கன்கள் சேற்றைக் கிண்டிக்கொண்டிருந்தன.

பறவை குறையவில்லை. இரண்டாயிரம் என்றைக்குமே இருந்ததில்லை. பெரிய ஏரியில் தூங்கி எழுந்து, சின்ன ஏரிக்குச் சாப்பிட வருகிற அதே ஆயிரத்தை அவள் இரண்டு தடவை எண்ணியிருக்கிறாள். ஒரே ஆளைப் படுக்கையில் ஒரு முறையும் பந்தியில் ஒரு முறையும் எண்ணிவிட்டு, வீட்டில் இரண்டு பேர் என்று எழுதுகிற மாதிரி. அதுவும் ஒரு வருடமா, ஆறு வருடம்! அவள் ஜீப்பில் ஊரைச் சுற்றி வந்த நேரத்தில் அவை தலைக்கு மேலே நேர்வழியில் வந்திருக்கின்றன.

நேரே போய் அதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். போனாள், பாராட்டுப் பத்திரத்துக்குக் கீழே உட்கார்ந்து பழைய படிவங்களைப் புரட்டினாள். வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை அதிகாரி வெளியே போய்விட்டார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பதினொரு மணி வரை மனிதர் அறையில்தான் இருந்தார். சனியும் ஞாயிறும் விடுமுறை. அலுவலகத்துக்குத்தான் விடுமுறை, கோரைக்கு இல்லை.

ஆயிரம் என்று தெரிந்தால் ஏரிகளின் பாதுகாப்பையே எடுத்துவிடுவார்களோ, பறவைகளுக்காகவாவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமோ என்றும் யோசித்தாள். பறவைகளுக்காக என்பது பாதி உண்மை. மீதிப் பாதி சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. தப்பு செய்தவள் ஒருத்தி, வேலை இழந்தது நாற்பத்திரண்டு வீடு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். குடிநீர்த் தொட்டியில் பம்ப் இயக்குகிற வேலை அவருக்கு. மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்குகிறவர். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"எட்டுப் பேர் செங்கல் சுமக்கப் போயிட்டாங்க. பாதிப் பேர் வீட்டுல தறி சும்மா நிக்குது."

"அண்ணி என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

பறவையம்மா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அலுவலகம் திறந்ததும் அதிகாரியின் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். என்றைக்குக் கண்டுபிடித்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அவர் கேட்டது வேறு.

"சங்கத் தலைவி உங்க நாத்தனார்தானே?"

"ஆமா சார். ஆனா ரெண்டு மாசமா பேச்சு கிடையாது."

"பேச்சு இல்லாட்டி சொந்தம் இல்லாமப் போயிருமா? இதை நான் எழுதினா மேலே என்ன கேப்பாங்க தெரியுமா?"

"தெரியும் சார். அதனால நான் எண்ண வேணாம். நாளைக்குக் காலையில நீங்களே எண்ணுங்க. புது முறையிலயும் எண்ணுங்க, பழைய முறையிலயும் எண்ணுங்க."

புதன்கிழமை காலை அதிகாரி பெரிய ஏரியில் தொலைநோக்கிக்கு முன்னால் குனிந்து நின்றார். பழக்கம் இல்லாததால் மூன்று தடவை எண்ணினார். ஆயிரத்து எழுபத்தொன்று. அதே நேரத்தில் சின்ன ஏரியில் ஓட்டுநர் எண்ணியது இருபத்தொன்பது. புது முறைப்படி ஆயிரத்து நூறு. பிறகு பழைய வழக்கப்படியே தொலைநோக்கியை மடக்கி, ஊரைச் சுற்றிப் போய், எட்டு மணிக்குச் சின்ன ஏரியில் எண்ணினார்கள். ஆயிரத்து அறுபத்து நான்கு. பழைய முறைப்படி கூட்டினால் இரண்டாயிரத்து நூற்று முப்பத்தைந்து.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆறு வருஷமுமா?"

"ஆறு வருஷமும்தான் சார்."

"படிவத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னன்னு எழுதறது?"

"எண்ணினவங்க தப்புன்னு எழுதுங்க. என் பேரைப் போட்டுருங்க."

"போடாம எப்படி முடியும்?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறும்போது, தூங்க ஓர் ஏரியும் தின்ன ஓர் ஏரியும் வேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்துத்தானே காப்பாற்ற வேண்டும், அப்படி எழுதிப் பார்க்கிறேன் என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். மேலே ஒப்புக்கொள்வார்களா என்பது அவருக்கும் தெரியாது. பத்தரை மணிக்குத் தடை உத்தரவை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். அதை யார் கொண்டுபோவது என்று கேட்கும் முன்பே பறவையம்மா கையை நீட்டிவிட்டாள்.

சின்ன ஏரிக் கரையில் வேலை இல்லாவிட்டாலும் பத்திருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் ஒரு அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பறவையம்மா உத்தரவை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள். பிறகு, தப்பு தன்னுடையது, பறவை குறையவே இல்லை, ஒரே பறவையை இரண்டு தடவை எண்ணிவிட்டேன் என்று அதே சத்தத்தில் சொன்னாள். ஒரு பெண் சிரித்துவிட்டு, யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டாள்.

நாத்தனார் தீட்டுவதை நிறுத்தவில்லை.

"இது உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

இன்றைக்குக் காலையில் என்று சொல்லியிருக்கலாம். உத்தரவில் இன்றைய தேதிதான் இருந்தது. நேற்று என்றாலும் அதிகாரியே சாட்சி சொல்வார். வியாழக்கிழமை அவள் இங்கே தனியாக உட்கார்ந்திருந்ததை மூக்கன்களைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. அதிகாரியின் முன்னால் ஆறு வருடத் தப்பை ஒப்புக்கொண்டது இதைவிடச் சுலபமாக இருந்தது.

"வியாழக்கிழமை, அண்ணி."

நாத்தனார் அரிவாளைக் கீழே வைத்தாள். கட்டை விரலால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். பிறகு எழுந்து போய், தண்ணீரோரம் நின்ற கோரையில் ஒரு தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். நுனியில் பழுப்பாகப் பூ விட்டிருந்தது. நடுவில் பிடித்து வளைத்தாள். அது வளையாமல் பட்டென்று முறிந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நல்லா இருந்துச்சு," என்றாள்.

பறவையம்மா மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதைக் கேட்க அங்கே யாரும் நிற்கவில்லை. நாத்தனார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டிருந்தாள். மற்ற பெண்களும் அரிவாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"இது பாய்க்கு ஆகாதே அண்ணி? இதை எதுக்கு வெட்டறீங்க?"

"பாய்க்கு ஆகாது. அதுக்காக ஏரியை மூட விட்டுரலாமா?"

பறவையம்மா செருப்பைக் கழற்றினாள்.

"நானும் இறங்கறேன்."

"வேணாம். உனக்கு வெட்டத் தெரியாது, வேரோட பிடுங்கிருவ. நாங்க கட்டிப் போடறதைக் கரைக்குத் தூக்கு."

தூக்கினாள். ஈரக் கோரைக்கட்டு ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம் கனத்தது. சாயங்காலம் வரை ஒருவரும் அவளோடு பேசவில்லை. தண்ணீர் கேட்டபோது மட்டும் யாரோ ஒரு செம்பை எடுத்து நீட்டினார்கள்.