கற்பூரம் அணைத்தவள்

தேவசகாயத்தின் வலது கையை ஒடித்துவிட்டார்கள் என்று வசந்தா ஓடிவந்து சொன்னபோது, தமிழரசி ஏழாம் நம்பர் அறையில் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரு ஒடிச்சது அண்ணி?”

“வேற யாரு, உங்க அண்ணந்தான்! ஹரிகிருஷ்ணன் பிரௌசிங் சென்டருக்கு இஸ்துகினு போயி, கம்ப்யூட்டர் எதிர்ல குந்த வெச்சிக்கினு கீறாங்க. இன்னொரு கையும் போவப்போவுது அரசி. அந்தாளு பச்சப்புள்ள மாதிரி அழுவுறாரு.”

வசந்தா மூச்சு வாங்கிக்கொண்டே மீதியைச் சொன்னாள். ஊர் பேசிய விலைக்குக் கீழே யாரோ கம்ப்யூட்டர் வழியாகத் திருட்டுத்தனமாக ரூம் விடுகிறார்கள் என்று தெரிந்து, அதே வழியில் முன்னூறு ரூபாய்க்கு ரூம் கேட்டிருக்கிறார்களாம். எந்த லாட்ஜாவது சரி என்று சொன்னால் அதன் பேர் தெரிந்துவிடுமாம். அரை மணி நேரத்தில் ஒருத்தரும் பதில் சொல்லாவிட்டால், தேவசகாயம் இங்கே மாட்டிக்கொண்டிருப்பதால்தான் பதில் வரவில்லை, ஆகவே திருடன் அவர்தான் என்று தமிழரசியின் அண்ணன் மூர்த்தி முடிவு கட்டிவிட்டானாம்.

“வேற லாட்ஜு பேரு வந்தா?”

“எங்கம்மா வயித்துல பொறந்தவனா இருந்தாலும் கைய ஒடிச்சி லாட்ஜையும் ஒடைப்பேன்னு, அத்தினி பேர் எதிர்ல கத்திகினு கீது.”

தமிழரசி தலையணையைப் போட்டுவிட்டு அறையிலிருந்து வெளியே ஓடினாள். திருடி அவள்தானே!

சுனாமி வந்துபோன மறுவருஷம், மாமல்லபுரம் மீனவர் தெருவில் மாடி கட்டி ரூம் விட்ட குடும்பங்களெல்லாம் கங்கையம்மன் கோயில் வாசலில் கூடின. சீசனில் எண்ணூறு ரூபாய்க்குக் கீழே ஒருத்தரும் ரூம் விடக்கூடாது. ஒவ்வொருவராக வந்து கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். தமிழரசியும் அணைத்தாள். நாகர்கோவில் பக்கமிருந்து வந்து லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்திருந்த தேவசகாயம் மட்டும், “எங்கள்ல சத்தியம் செய்றதில்லைங்க. சொன்னா சொன்னதுதான்” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கே கூட்டத்தின் தலைவனான மூர்த்தி அவரை ஒரு தினுசாகப் பார்த்தான்.

அவள் லாட்ஜ் பின் சந்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். பஸ் ஸ்டாண்டில் வெள்ளைக்காரன் பையைப் பிடித்து இழுத்துவரும் ஆட்களெல்லாம் மூர்த்தியின் ஆட்கள். கடலோர லாட்ஜ்களுக்குக் கூட்டிப்போவார்களே தவிர, தலைவனின் தங்கை ஆயிற்றே என்று ஒரு நாயும் அவள் சந்துக்குள் வந்ததில்லை. புருஷன் வேறொருத்தியோடு கோவளத்துக்குப் போய்விட்டான். போகட்டும், சனியன் விட்டது. மண்ணும் ஜல்லியும் தலையில் சுமந்து கட்டிய எட்டு அறை அவளுக்கு மிச்சம். அந்த எட்டும் காலியாகக் கிடந்தன.

கேளம்பாக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் அந்த ஏல சைட்டைப் பற்றிச் சொன்னார். கேட்கிறவன் தனக்குக் கட்டுப்படியான விலையைச் சொல்வான். பணம் கட்டி முடியும்வரை அவனுக்கு லாட்ஜ் பேர் தெரியாது. தமிழரசிக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. லாட்ஜ் கட்டுவதற்கு முன்னால் பத்து வருஷம் கரையில் மீன் ஏலம் கூவியவள் அவள். பொழுது சாய்ந்தால் வஞ்சிரமும் வந்த விலைக்குத்தான் போகும். காலி ரூமும் அப்படித்தான், விடிந்தால் நாறிப்போன சரக்கு. பேரே போடவில்லையே, அப்புறம் சத்தியம் எப்படி மீறினதாகும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இப்போது மாடிப்படிக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரைத் திறந்தாள். வந்திருந்தது. ஒரு ரூம், ஒரு ராத்திரி, முன்னூறு ரூபாய். கீழே பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன்.

சும்மா இருந்தால் போதும். ஒரு விரல்கூட அசைக்க வேண்டாம். அவர்கள் தேவசகாயத்தின் இன்னொரு கையையும் ஒடித்துவிட்டு, ஊரைவிட்டுத் துரத்திவிடுவார்கள். அப்புறம் யாரும் யாரையும் தேடமாட்டார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் அவள் மனதில் ஓடியது. பொய் என்ன, நிஜமாகவே சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். வசந்தா பின்னால் நின்று மூக்கைச் சிந்தினாள்.

“சாப்பிடக்கூட முடியாதே அரசி அந்தாளுக்கு, ரெண்டு கையும் போச்சின்னா.”

தமிழரசி பச்சைப் பட்டனை அழுத்தினாள்.

“இன்னாத்த அமுக்கின?” என்று எட்டிப்பார்த்த வசந்தா வாயில் கையை வைத்துக்கொண்டாள். “அடிப்பாவி! நீயா?”

“நான்தான். நீ போயிடு அண்ணி. இப்ப வந்துடுவாங்க.”

வசந்தா போகவில்லை.

வந்தார்கள். சந்து அடைக்க ஆட்கள். முன்னால் கடப்பாரையோடு மூர்த்தி. வாசலில் நின்றவளை அறைந்தான். தமிழரசி படிக்கட்டில் போய் விழுந்தாள். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. மறித்த வசந்தாவை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு உள்ளே போனான். முதல் அடி போர்டுக்கு. இரண்டாவது கம்ப்யூட்டருக்கு. அப்புறம் வரிசையாக ஜன்னல்கள். கண்ணாடி உடைகிற சத்தத்தில் தெரு நாய்கள் குரைத்தன. கதவுகளைப் பிளந்தான், மெத்தைகளைக் கிழித்தான், கழுவும் தொட்டிகளை உடைத்தான். “சாமி எதிர்ல அணைச்சியேடி! சாமி எதிர்ல!” என்று ஒவ்வோர் அடிக்கும் கத்தினான். அவன் குரலில் அழுகை இருந்தது.

வியர்த்து வழிய வெளியே வந்தான். “கைய நீட்டு.”

தமிழரசி வலது கையைப் படிக்கட்டின் மேல் வைத்தாள். எடுக்கவில்லை. மூர்த்தி கடப்பாரையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

“வுடு அண்ணாத்த,” என்றான் கூட்டத்தில் ஒருவன். “நம்ம பொண்ணு. பொம்பள வேற.”

“அபராதம் போட்டுக்கலாம். கைய ஒடிச்சா நம்ம சனம் காறித் துப்பும்,” என்றான் இன்னொருவன்.

மூர்த்தி கடப்பாரையைக் கீழே போட்டான். அவ்வளவுதானா? ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சந்து முனையில் நின்ற ஆட்டோவில் தேவசகாயம் சாய்ந்து கிடந்தார். ஒடிந்த கையை ஈரத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கண்ணாடி ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது. அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தமிழரசி எழுந்தாள். “அந்தாளு கைய எதுக்கு ஒடிச்ச?”

“அவன் சத்தியம் பண்ணல. அதான்...”

“நான் பண்ணேன். பண்ணிட்டுத்தான் திருடினேன். என் கைய ஒடி.”

“உள்ள போடி.”

“ஒடிடா!”

“போனது போச்சி, உள்ள போ!”

போனது போச்சாம்! வெளியூர்க்காரன் கை என்றால் போனது போச்சு, கூடப்பிறந்தவள் கை என்றால் அபராதம். தமிழரசிக்கு அண்ணன் மேல் வந்த ஆத்திரம் பெரிதா, அரை நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்த தன் மேல் வந்த ஆத்திரம் பெரிதா, அவளுக்கே தெரியவில்லை. குனிந்து கடப்பாரையை எடுத்தாள்.

“வேண்டாம்மா,” என்று ஆட்டோவிலிருந்து தேவசகாயம் கத்தினார்.

அதற்குள் வீசிவிட்டாள். மூர்த்தி மறிக்கத் தூக்கிய வலது மணிக்கட்டில் இறங்கியது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் சந்து முனைவரை கேட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, அம்மா என்று அலறினான். ஆட்கள் பாய்ந்து வந்தார்கள். அவள் கடப்பாரையை அவர்கள் காலடியில் எறிந்துவிட்டு, மறுபடி படிக்கட்டில் கையை வைத்தாள்.

“இப்ப என்னுது. யாரு வரீங்க? கற்பூரம் அணைச்ச எவனாச்சும் வாங்கடா!”

கடப்பாரையை எடுக்க ஒருத்தனும் குனியவில்லை.

வசந்தாதான் புருஷனைத் தூக்கினாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக அங்கே அந்த ஒரு ஆட்டோதான் இருந்தது. தேவசகாயம் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். ஒடிந்த கை இரண்டும் ஒரே சீட்டில் ஏறிப் போயின.

கூட்டம் கலைந்த பிறகும் பிரௌசிங் சென்டர் ஹரிகிருஷ்ணன் மட்டும் நின்றான். கையில் பிரிண்ட் எடுத்த காகிதம்.

“அக்கா... மூர்த்தி அண்ணன் சொல்லித்தான் என் கார்டுல போட்டேன். பணம் திரும்பி வராதாம். ரூமு புக்காயிடுச்சி.”

தமிழரசி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

“நாலாம் நம்பரு. கதவு இல்ல, சாவி வேணாம். கண்ணாடி குத்தாம பாத்துப் படு.”

சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, அந்த அறையைக் கூட்டப் போனாள்.