வேண்டாத பரிசு, தரமாட்டாத கைகள்

வடம்வலியில், அதாவது கயிறிழுப்புப் போட்டியில், எங்கள் ஊர்ப் பெண்கள் அணி ஜெயித்ததும் மைக்கில் என் தொண்டை கிழிந்தது. ஓணக் கொண்டாட்டத்துக்குக் குரல் கொடுப்பது நான். பரிசு கொடுப்பது தேவஸ்ஸி முதலாளி. அவருடைய பாத்திரக்கடையில் சம்பளம் வாங்குவதும் நான். ஆகவே என் அறிவிப்புகளில் ஓணத்து ராஜா மாவேலியைவிட முதலாளியின் பெயரே அதிகம் வந்தது. ஜெயித்த அணியின் தலைவி ரெமணி, என் மனைவி. வீட்டில் நடக்கும் இழுபறிகளிலும் ஜெயிப்பது அவள்தான் என்பதால் எனக்கு மட்டும் ஆச்சரியமில்லை.

ஆளுக்கொரு பிரஷர் குக்கர். ரெமணி வாங்கியதும் மூடியைத் திருப்பிப் பார்த்தாள், அடியைத் திருப்பிப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற அணித் தோழி நபீசாவிடம் காட்டினாள். போன வருஷம் குக்கர் வெடித்ததில் நபீசாவுக்குக் கழுத்திலிருந்து தோள்வரை தோல் சுருங்கிப் போயிருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"சுகதேட்டா, இதுல ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்க இருக்கு? பாத்துச் சொல்லுங்க." ரெமணி குக்கரை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். பளபளப்பில் என் அசட்டு முகம்தான் அகலமாகத் தெரிந்தது. மைக்கை அணைக்காமலே, "இல்லையே" என்றேன். மைதானம் முழுக்கக் கேட்டது.

முதலாளி சிரித்தார். "ஓசியில வந்ததுக்கு ஜாதகம் பாக்கறியாடீ? பிடிக்கலேன்னா வண்டியில திருப்பி ஏத்து. கடையில வாங்க ஆளிருக்கு."

"முத்திரை இல்லாத குக்கர விக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு, முதலாளி."

"சட்டம் வந்து உனக்குச் சோறு வடிக்குமா?"

"வடிக்காது. வெடிக்காம பாத்துக்கும்."

நபீசா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எனக்கு வித்தவனும் இப்படித்தான் சிரிச்சான். திருப்பிக் குடுத்தா நாளைக்கு இது யாரு அடுப்புல ஏறும்? தரமாட்டோம்."

"வேண்டாம்னும் சொல்வீங்க, தரவும் மாட்டீங்களா?"

"ஆமா" என்றாள் ரெமணி. "திங்கக்கிழமை ஐ.எஸ்.ஐ. ஆபீசு தொறக்கும். ஆபீசர் வந்து எடுத்துட்டுப் போகட்டும். உங்க கடையில இருக்கறதையும் சேத்து."

அணி மொத்தமும் மைதானத்து ஓரத்து வாசகசாலைப் படிகளில் போய் உட்கார்ந்தது. மடியில் குக்கர்கள். இனி யமனே வந்து கேட்டாலும் ரசீது காட்டச் சொல்வார்கள் போலிருந்தது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சுகதா, நாளைக்கு வேலைக்கு வரணும்னா, போய் வாங்கி வண்டியில வை."

போனேன். வழி நெடுக ஒரு நல்ல பேச்சைத் தயார் செய்தேன். படியருகே வந்ததும் மறந்துவிட்டது. கையை மட்டும் நீட்டினேன். ரெமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"கை எரியுது. கொஞ்சநேரம் நீங்க பிடிங்க."

வடம் உரசி அவள் உள்ளங்கை தோலுரிந்திருந்தது. குக்கரை வாங்கினேன். வண்டி கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. வீரத்தால் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அவள் விட்ட இடம் இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளி வண்டியில் ஏறி ஹாரனை அழுத்தினார், கையை எடுக்கவே இல்லை. மழை தூறத் தொடங்கி, மூடிகள் ஒவ்வொன்றாகச் சடசடத்தன. நபீசா முக்காட்டை அவிழ்த்து, தழும்பு தெரிய, எங்கள் இருவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.