மாப்பிள்ளை வீட்டுச் சேவல்

கோழிக்குஞ்சு வாங்குவது என்பதில் அந்த வீட்டில் எவருக்கும் மாறுபாடு இல்லை. எந்த இனத்துக் குஞ்சு என்பதில்தான் சம்பந்தியம்மாக்கள் இருவரும், மரியாதை சற்றும் குறையாமல், போரிட்டுக்கொண்டிருந்தனர்.

பிள்ளையைப் பெற்றவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கி அவரை விட்டுவிட்டாலும் அவர் குரல் ஒலிபெருக்கியை விடவில்லை. அடுக்களையில் உப்பு எங்கே என்று கேட்டால் தெருமுனையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். பெண்ணைப் பெற்றவர் தையற்காரர். துணியைப் போலவே சொல்லையும் அளந்து வெட்டுபவர். சாலையை அகலப்படுத்தியபோது அவருடைய கடை இருந்த கட்டடம் இடிபட்டது. மகள் வந்து அழைத்தாள். மருமகன் வண்டி பிடித்து வந்து, தையல் இயந்திரத்தைக் கயிற்றால் இறுகக் கட்டி ஏற்றினான். அன்று கட்டிய கயிறு, அறை மூலையில், இன்னும் அவிழாமலே இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. பெண் கொடுத்த வீட்டில் சும்மா உட்கார்ந்து உண்ணும் ஒவ்வொரு கவளமும் அவர் தொண்டையில் ஒரு கணம் நின்றே இறங்கியது. எவரும் ஒரு சொல் சொன்னதில்லை; சொல்லாதிருந்ததே சுமையாயிற்று. வேற்றூரில் இருந்த தம்பியோ, ஒரு துணிக்கடையின் மாடியில் பொத்தான் துளை தைக்க ஆள் வேண்டுமென்று ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் பொறுடா. என் கோழி முட்டை வச்சு, இந்த வீட்டு அடுப்புக்கு என் கையால ஏதாவது போகுதான்னு பாக்கறேன். போச்சுன்னா இருக்கேன். இல்லேன்னா வந்துடறேன்" என்று அவர் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் சொன்னது வேறெவருக்கும் தெரியாது.

ஆகவேதான் அவர் முட்டையினமே வேண்டுமென்று நின்றார்.

"முட்டைக்குன்னே ஒரு ரகம் இருக்கு சம்பந்தியம்மா. நாள் தவறாம இடும். அடைக்கு உக்காராது. வம்பு தும்பு கிடையாது."

"அடைக்கு உக்காராத கோழி என்ன கோழி? டிக்கெட் கிழிக்காத கண்டக்டர் மாதிரி!" என்றார் அறிவிப்பாளர். "நாட்டு ரகம் வாங்குவோம். கொஞ்சமாத்தான் இடும். ஆனா உக்காந்து பொரிச்சு, குஞ்சுங்களப் பின்னால இழுத்துக்கிட்டு முற்றம் முழுக்க நடக்கும் பாருங்க, அத நான் பாக்கணும்."

"பாக்க நல்லாத்தான் இருக்கும். சட்டியில என்ன விழும்?"

"கண்ணுக்கும் ஒரு சட்டி இருக்கு சம்பந்தியம்மா."

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மகன் காலணியை மாட்டியபடியே தீர்ப்புச் சொன்னான்: "ரெண்டு ரகமும் வாங்கிடுங்க. கூண்டு ஒண்ணு, கட்சி ரெண்டு." அவன் மனைவி, "என்கிட்ட மட்டும் யாரும் ஓட்டுக் கேட்டு வராதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

சந்தையில் குஞ்சுக்காரர் அட்டைப்பெட்டிகளின்மேல் மின்விளக்கைத் தொங்கவிட்டு, அதன் கதகதப்பில் குஞ்சுகளை வைத்திருந்தார். உலகுக்கெல்லாம் படியளப்பவன் இச்சிற்றுயிர்களுக்கு இரண்டு காலும் ஓர் அலகும் அடங்காப் பசியும் தந்து அனுப்பியிருந்தான். அவை அந்தப் பசியையே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தன. அணிலைப் போல் முதுகில் வரியோடிய நாட்டுக் குஞ்சுகளில் மூன்றை அறிவிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு அள்ளினார்.

முட்டையினக் குஞ்சுகள் இருந்த பெட்டியில் இரு நிறங்கள் கலந்திருந்தன. சில மஞ்சள், சில செம்பு. தையற்காரர் குனிந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, மஞ்சளாகவே நான்கு எடுத்தார்.

"ரெண்டு செம்பும் சேத்துக்கங்களேன். கலந்து இருந்தா அழகா இருக்கும்" என்றார் அறிவிப்பாளர்.

"ஒரு சட்டைக்கு ரெண்டு சுருள்லேர்ந்து துணி எடுக்கக் கூடாது சம்பந்தியம்மா. மொதல் சலவையிலயே கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாயிடும். ஒரே சுருள்ல எடுத்தாத்தான் கடைசி வரைக்கும் ஒத்துப்போகும்."

குஞ்சுக்காரர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "மஞ்சளே போதுமாம்மா? நல்லாப் பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சு. மாத்தாதீங்க."

வளர்த்த வளர்ப்பைச் சொல்ல வேண்டும். தண்ணீர்த் தட்டில் குஞ்சுகள் விழுந்துவிடாதபடி கூழாங்கற்களை இட்டது தையற்காரர்தான். வெட்டுத்துணிகளால் பெட்டிக்கு மெத்தை அமைத்ததும் அவர்தான். இறகு முளைத்து அவை முற்றத்துக் கூண்டுக்கு மாறியபின், ஒரு கூடையில் வைக்கோல் பரப்பி, காலுறைக் கிழிசல் தைக்கப் பயன்படும் தம் மரமுட்டையை நடுவில் வைத்தார். முட்டையிட இதுவே இடம் என்று கோழிக்குக் காட்டும் உபாயம் அது. நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து, எவரும் காணுமுன் கூடையைப் பார்த்துவருவார். மரமுட்டை மட்டும் தனியே இருக்கும்.

மஞ்சள் குஞ்சுகள் வெண்மையாகி, தோளில் பொன்னிறம் படர்ந்து, நெடுநெடுவென வளர்ந்தன. கொண்டை சிவந்தது.

"கொஞ்சம் சீக்கிரமே சிவக்குதோ?" என்றாள் மகள்.

"முட்டைக்கு வர்றதுக்கு முன்னாடி சிவக்கும்" என்றார் தாய். அவர் நம்பிக்கையும் அவ்வாறே சிவந்திருந்தது.

ஒரு வைகறையில், தொண்டையில் முள் சிக்கியவன் பாட முயன்றாற்போல் ஓர் ஓசை முற்றத்திலிருந்து எழுந்தது. மீண்டும் எழுந்தது. இம்முறை ஐயத்துக்கு இடமில்லை, கூவல்தான். முதல்வன் கூவி முடித்ததும் மற்ற மூவரும் தொடர்ந்தனர்.

வீடு முழுதும் முற்றத்தில் கூடிற்று. அறிவிப்பாளர் இடுப்பில் கை வைத்து, பழைய தொழிற்குரலை எடுத்தார்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! நடைமேடை ஒன்றில் முட்டை எதிர்பார்த்துக் காத்திருப்போர் அறிய வேண்டியது. முட்டை ரத்து செய்யப்பட்டது. அதற்குப் பதிலாகச் சேவல் வந்து சேர்ந்திருக்கிறது!"

மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தையற்காரரும் சிரித்தார். பின்பு உள்ளே போய், நெடுநேரம் வெளியே வரவில்லை. அறிவிப்பாளரின் சிரிப்பு அந்த மூடிய கதவைக் கண்டதும் பாதியில் நின்றது. எதற்கு நின்றது என்று அப்போது அவருக்கே விளங்கவில்லை.

அடுத்த சந்தை நாளில் தையற்காரர் குஞ்சுக்காரரைத் தேடிப் போனார்.

"அந்த ரகத்துல மஞ்சள் எல்லாம் சேவல், செம்பு எல்லாம் பெட்டைம்மா. நெறம் பாத்தே பிரிக்கற மாதிரித்தான் அந்த ரகத்தையே உண்டாக்கியிருக்காங்க" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "நீங்க தேடித் தேடி மஞ்சளா எடுத்தீங்க. கறிக்கு வளக்கறீங்கன்னு நெனச்சேன்."

இரண்டு நிறங்களும் கலந்து எடுத்திருந்தால் ஒன்றிரண்டாவது பெட்டையாக இருந்திருக்கும். வாழ்நாளெல்லாம் தமக்குச் சோறிட்ட கண்ணே தம்மைக் கவிழ்த்ததை எண்ணியபடி அவர் திரும்பி நடந்தார்.

இதற்கிடையில் அறிவிப்பாளரின் மூன்றும் பெட்டைகளாகத் தேறின. மூன்றும் முட்டையிட்டன. இட்ட இடமோ, தையற்காரர் வைக்கோல் பரப்பிய அதே கூடை. அவற்றுள் ஒன்று சில நாட்களில் மரமுட்டையையும் சேர்த்தணைத்து அடையில் அமர்ந்து, அருகில் போனவரை எல்லாம் உறுமி விரட்டியது.

மதிலுக்கு அப்பாலிருந்தும் ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையின் இரவுக் காவலர். "அம்மா, ஊருக்கெல்லாம் விடியுது. எனக்கு அப்பத்தான் பொழுது அடையுது. நான் படுத்ததும் நாலு பேரும் போட்டி போட்டுக்கிட்டு ஆரம்பிச்சா, நான் எப்பங்க தூங்கறது?"

"மன்னிச்சுக்கங்க. அனுப்பிடறேன்" என்றார் தையற்காரர். அன்று மாலையே தம்பியிடமும் பேசினார். மறுநாள் ஆள் வரும் என்றான் தம்பி.

மறுநாள் பிள்ளைகள் வேலைக்குப் போனபின், அறிவிப்பாளர் துணி உலர்த்த முற்றத்துக்கு வந்தார். மூன்று சேவல்கள் கால் கட்டுண்டு கிடந்தன. தையற்காரர் நான்காவதைப் பிடிக்கக் கையில் கயிற்றோடு நின்றார். அந்தச் சேவலோ மண்ணைக் கிளறி ஒரு புழுவைக் கண்டு, தான் உண்ணாமல், தாழ்ந்த குரலில் பெட்டைகளை அழைத்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கை எழவில்லை.

அறிவிப்பாளரின் கண் கயிற்றில் நின்றது.

"இது மெஷின்ல இருந்த கயிறுல்ல? நீங்க வந்த நாளிலேர்ந்து, தூசி தட்டறப்பல்லாம் பாக்கறேன். ஒரு முடிச்சு அவிழல. இன்னைக்கு அவிழ்த்திருக்கீங்க."

"கால் கட்ட வேற கயிறு இல்ல. மெஷினுக்குப் புதுசு வாங்கிக்கறேன்."

"மெஷினுக்கு எதுக்குப் புதுசு?"

தையற்காரர் கயிற்றின் நுனியை விரலில் சுற்றினார். "தம்பி ஊர்ல வேலை இருக்காம். ஆள் அனுப்பறான். எத்தன நாள் சம்பந்தியம்மா சும்மா உக்காந்து சாப்பிடறது? முட்டையாவது குடுக்கலாம்னு நெனச்சேன். அதுவும் கூவுது."

அறிவிப்பாளர் கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட்டார். அன்று கதவு மூடியதன் பொருளும் தம் அறிவிப்பு எங்கே போய்த் தைத்தது என்பதும் இப்போது அவருக்கு ஒருங்கே விளங்கின.

"உள்ள வாங்க" என்றார்.

"ஆள் வர்ற நேரம்..."

"வாங்கன்னா வாங்க."

அடைக்கோழியின் கொத்துகளை வாங்கிக்கொண்டே அதன் வயிற்றடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, சம்பந்தியின் கையைப் பற்றிச் சாமான் அறைக்கு அழைத்துப்போனார். சன்னல் இல்லாத அறை. கதவைச் சாத்தி, கைவிளக்கை முட்டையின் அடியில் பிடித்தார்.

ஓடு செவ்வொளி பெற்றது. உள்ளே ஒரு கரும்புள்ளியிலிருந்து செந்நூல் இழைகள் நாற்புறமும் ஓடின. எந்த ஊசியும் நுழையாத இடத்தில், எந்தக் கையும் இடாத நுண்தையல். தையற்காரர் மூச்சை அடக்கிப் பார்த்தார். புள்ளி துடித்தது.

"உயிர் இருக்கு" என்றார், கோயிலுள் பேசுபவர்போல்.

"இருக்கும். எப்படி வந்துச்சு? என் பொண்ணுங்க மூணும் தானாவா உண்டாச்சு? உங்க பிள்ளைங்கதானே காரணம்!" அறிவிப்பாளரின் குரல் சிறிய அறையை நிறைத்தது. "வீட்டுக்குள்ள நான் மாப்பிள்ளையோட அம்மா, நீங்க பொண்ணோட அம்மா. சரி. அங்க கூண்டுக்குள்ள கணக்கு மாறிப்போச்சு. நீங்க மாப்பிள்ளை வீடு. நான் பொண்ணு வீடு. பொண்ணு வீட்டுக்காரி கேக்கறேன், மாப்பிள்ளையக் கால் கட்டி எங்க கொண்டுபோறீங்க?"

தையற்காரர் சிரிக்கலாமா அழலாமா என்று அறியாமல் இரண்டையும் தொடங்கினார்.

"பொரியறதுல பாதி உங்களது. இன்னொண்ணு சொல்றேன். அன்னைக்கு நான் மைக் புடிச்சது தப்பு" என்றார் அறிவிப்பாளர். "நீங்க வர்றதுக்கு முன்னாடி, இவங்க ரெண்டு பேரும் போனதும் நான் இந்த வீட்டுல யார்கிட்டப் பேசுவேன் தெரியுமா? சுவர்க் கடிகாரத்துகிட்ட. அதுக்கு மணி சொல்லுவேன். என் கூடச் சண்டை போட ஒரு ஆள் வந்திருக்கீங்க. முட்டை யாருக்குங்க வேணும்?"

முட்டை குளிர்ந்துவிடும் என்று நினைவூட்டியவர் தையற்காரர். அதை இரு கையாலும் பொதிந்து கொண்டுபோய், அடைக்கோழியின் வயிற்றடியில் அவரே வைத்தார். கோழி அவரைக் கொத்தவில்லை.

மதிலோரம் போய் அறிவிப்பாளர் வழக்காடினார். "மூணு பேர் சந்தைக்குப் போறாங்க. ஒருத்தன் மட்டும் இருக்கட்டும். ஒரே ஆளா இருந்தா போட்டி இல்ல, கூவலும் கொறையும். நாலு பேர் ஒரே மைக்கப் புடிச்சாத்தான் தகராறு."

தூக்கக் கலக்கத்திலிருந்த காவலர் தலையைச் சொறிந்தார். "நான் கண் அசர்ற வரைக்கும் அவனுக்கு விடிஞ்சது தெரியக் கூடாது. அது முடியுமா?"

"வெளிச்சம் புகாம கூண்டுக்கு உறை தைச்சா முடியும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தையற்காரர் அளவு நாடாவோடு ஏற்கெனவே கூண்டை அளந்துகொண்டிருந்தார். "கறுப்புத் துணி, உள்ள ஒரு அடுக்கு. காத்துக்குக் கீழ இடம் விட்டுடலாம்."

சாமான் அறையில் கிடந்த பழைய தடித்த திரைச்சீலைகள் வெளியே வந்தன. நெடுநாள் அசையாதிருந்த சக்கரம் எண்ணெய் கண்டது; முதலில் முனகி, பின் ஓட்டம் பிடித்தது. இயந்திரத்தை எடுத்துப்போக வந்த தம்பியின் ஆள், அது ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றான். அறிவிப்பாளர் அவனுக்குத் தேநீரும் மூன்று சேவல்களும் கொடுத்து, போகிற வழியில் சந்தைக் குஞ்சுக்காரரிடம் ஒப்படைக்கச் சொல்லி அனுப்பினார்.

மாலையில் மகள் வந்தபோது, கூண்டு கறுப்பு உறை பூண்டு நின்றது. காற்றில் விலகாதபடி அதைச் சுற்றி மீதிக் கயிறு கட்டியிருந்தது.

"மெஷின் கயிறாச்சேம்மா இது? அதுக்கு வேண்டாமா?"

வாயில் நூலைக் கடித்து அறுத்துக்கொண்டிருந்த தாய் நிமிரவில்லை.

"மெஷின் எங்கடி போகப்போகுது?"